மலையில் ஓடிய கிலோமீட்டர்

இருபது வயதான பென்ஸ் ஒன்று, ஏழெட்டு வயது வேகன் ஆரின் விலைக்கே கிடைக்கிறதே, வாங்கலாமா? பதுளையிலும் பண்டாரவளையிலும் இப்போது பலர் இதைக் கேட்கிறார்கள். கொழும்பில் கடை வைத்து நிமிர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் கேட்டவருக்கு அது உதவாது. ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் உட்காருங்கள், விளக்கமாகவே சொல்கிறேன்.

அந்த ஆசையை நான் குறைவாக எண்ணவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். துரையின் கார் பங்களாவுக்கு ஏறும்போது ரோட்டோரம் ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதே ரோட்டில் நம் வீட்டுக் காரும் ஏற வேண்டும், கோயில் திருவிழாவுக்கு அம்மாவை அதில் அழைத்துப் போக வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அதை வீண் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வராது. அந்தக் கார் குடும்பத்தைக் கடனில் இறக்கிவிடக் கூடாது. என் கவலை அவ்வளவுதான்.

விலை எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று பார்ப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. சிக்கனமான சின்ன ஜப்பான் கார்களுக்கு அடிபிடி. பழைய ஜெர்மன் கார்களுக்கு அந்த அளவு போட்டி இல்லை, ஏனென்றால் பாகங்களின் விலைக்கு எல்லாரும் பயந்தார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. 2022 தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ஆனது. வெளியிலிருந்து வர வேண்டிய ஒவ்வொரு பாகமும் அதோடு சேர்ந்து ஏறியது. அந்த நாட்களில் பென்ஸ், பிஎம்டபிள்யூ வைத்திருந்த பலர் வேலைகளைத் தள்ளிப்போட்டார்கள். இன்று உங்களிடம் குறைந்த விலைக்கு வரும் கார், செய்யாமல் விட்ட அந்த வேலைகளையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. விலை குறைந்ததாகத் தெரிவது அதனால்தான்.

இனி மீட்டரைப் பார்ப்போம். அதில் 120,000 கிலோமீட்டர் என்று இருக்கும். விற்பவர் பெருமையாகக் காட்டுவார், நாமும் தலையாட்டுவோம். ஆனால் அந்தக் கிலோமீட்டர் எந்த ரோட்டில் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. நான் சொல்ல வருவதன் சாரம் இந்த ஒரு கேள்விதான். இந்தக் கார்கள் ஜெர்மனியின் நேரான அகன்ற நெடுஞ்சாலையில் வேகமாக ஓடுவதற்கு வரையப்பட்டவை. அங்கே முன்பக்கம் காற்று தாராளமாக அடிக்கும், பிரேக்குக்கு நீண்ட ஓய்வு கிடைக்கும், கியர் அதிகம் மாறாது. ஊவாவில் இவை மூன்றும் தலைகீழ். பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் கிலோமீட்டரையும் காலி வீதியில் உருளும் கிலோமீட்டரையும் மீட்டர் ஒன்றாகத்தான் எண்ணுகிறது. எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அவை ஒன்றல்ல.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன், அது உயிர் சம்பந்தப்பட்டது. எல்ல கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீட்டர் அளவில். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த எண்ணூற்றுச் சொச்சம் மீட்டரை இறங்கும்போது ஏறத்தாழ 15 மெகாஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். நாற்பது லீட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் டிஸ்க் தாங்க வேண்டும். ஓட்டுநர் கியரை 'டி'யில் விட்டுவிட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அந்த மிச்சச் சூட்டில் பெரும்பகுதி டிஸ்க்குக்குப் போகும், அங்கிருந்து பிரேக் ஒயிலுக்குப் போகும்.

பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புது டொட் 4 ஒயில் 230 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது தரம். அதே ஒயிலில் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். மூடுபனியும் அடைமழையும் உள்ள நம் ஊரில் ஒயில் வேகமாகவே ஈரம் பிடிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதி பஞ்சு போல் அமுங்கும், கார் நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பிரேக் ஒயில் மாற்றுவது இங்கே கட்டாயம். இறங்கும்போது கியரைக் கையால் இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ கொண்டுவந்து எஞ்சினால் காரைப் பிடிப்பதும் கட்டாயம். 2025 செப்டம்பர் 4 இரவு இதே எல்ல–வெல்லவாய ரோட்டில் தங்காலைக்குத் திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த ரோட்டில் வண்டி ஓட்டும் எவரும் அதை மறந்துவிட்டு ஓட்ட முடியாது.

பிரேக் பற்றி இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லாமல் விட எனக்கு விருப்பமில்லை. மெர்சிடிஸ் ஈ கிளாஸில் 2002இல் வந்த டபிள்யூ211 என்ற மாடலின் முதல் சில ஆண்டுக் கார்களில், சென்சொட்ரோனிக் என்ற மின்னணுப் பிரேக் முறை வைத்திருந்தார்கள். நீங்கள் மிதிப்பதைக் கணினி உணர்ந்து, ஒரு மின்பம்ப் வழியாக அழுத்தம் கொடுக்கும். அந்தப் பம்ப் ஒவ்வொரு மிதிப்பையும் எண்ணிக்கொண்டே வரும். ஏறத்தாழ 300,000 ஆனதும், ஆயுள் முடிந்தது, மாற்று என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். 2004இல் மெர்சிடிஸ் இந்த முறைக்காக 680,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. 2006இல் வந்த திருத்திய மாடலில் பழைய வகைப் பிரேக்குக்கே திரும்பிவிட்டது. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் ஒரு நாள் போய்வந்தாலே எத்தனை தடவை மிதிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அழகான கார், உள்ளே உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது. ஆனாலும் 2006க்கு முந்திய டபிள்யூ211ஐ மலைநாட்டுக்கு வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஏற்றத்தில் வரும் தொல்லை வேறு. அங்கே எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கும், கார் மெதுவாகப் போகும், ரேடியேட்டருக்குக் காற்றுக் குறையும். போதாததற்கு உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1,430 மீட்டர் உயரமுள்ள அப்புத்தளையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மூடிய கூலண்ட் தாங்கியின் அழுத்தம்தான் அதைக் கொதிக்காமல் வைத்திருக்கிறது. பழைய பிஎம்டபிள்யூக்களில் அந்தத் தாங்கி, தெர்மோஸ்டாட் கூடு, குழாய் முனைகள் எல்லாம் பிளாஸ்டிக். பத்துப் பன்னிரண்டு வருடச் சூட்டில் அவை மொறுமொறுவென்று ஆகி, ஒருநாள் ஏற்றத்தில் வெடிக்கும். 3 சீரிஸின் ஈ90 மாடலில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும். எஞ்சின் தலை வளைந்தால் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். வாங்கியதும் அந்தப் பிளாஸ்டிக் பாகங்களை முழுத் தொகுதியாக மாற்றிவிடுவதே மலிவு.

டீசல் பிஎம்டபிள்யூ, 320டியோ 520டியோ பார்க்கிறீர்கள் என்றால் எஞ்சின் எது என்று கேளுங்கள். 2007 முதல் சில ஆண்டுகள் வந்த என்47 எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர் பெட்டிப் பக்கமாக இருக்கிறது. அது தேய்ந்தால் மாற்றுவதற்கு எஞ்சினையோ கியர் பெட்டியையோ கழற்ற வேண்டும். அறுந்தால் எஞ்சினே போகும். மெர்சிடிஸ் சி கிளாஸில் வந்த எம்271 பெற்றோல் எஞ்சினுக்கும் செயின் நீளும் பழக்கம் உண்டு. இரண்டுக்கும் சோதனை ஒன்றுதான்: குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். விடிகாலையில் போங்கள், முதலில் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். அப்படியானால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். குளிரில் ஸ்டார்ட் ஆகும் அந்த முதல் இரண்டு மூன்று வினாடியில் கலகலவென்று இரும்புச் சத்தம் கேட்டால், அந்தக் காரைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

சின்ன எஞ்சின் ஆடி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் கார் வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து ஏறுவதால், 1,000 சிசிக்குள் அடங்கும் ஆடி ஏ3, கியூ2 கார்கள் நிறையவே வந்தன. எஞ்சின் சிறிதானாலும் டர்போ இருப்பதால் ஏற்றத்தில் நன்றாகவே இழுக்கும், 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்றினால் இன்னும் நல்லது. கவனிக்க வேண்டியது கியர் பெட்டியை. இந்தக் கார்களில் வரும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச், ஒயிலில் நனையாத உலர் வகை. நீண்ட விடுமுறை நாளில் எல்ல ரோட்டில் வாகனங்கள் வரிசையாக அரை அடி அரை அடியாக நகரும்போது, ஏற்றத்தில் அக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தியே காரைப் பிடித்து வைத்தால் கிளட்ச் தகடுகள் கருகும். பிரேக்கால் நிறுத்தி, முன்னால் இடம் கிடைத்தபின் ஒரேயடியாக எடுக்க வேண்டும். வாங்கும் முன் செங்குத்தான ஒரு பங்களா வாசலில் பின்னோக்கி மெதுவாக ஏற்றிப் பாருங்கள். கார் உதறினால் கிளட்ச் முடிந்துவிட்டது.

பிஎம்டபிள்யூவின் இசட்எஃப் எட்டுக் கியர் பெட்டி அதைவிட உறுதி. ஆனால் கார்க் கம்பனி, அதன் ஒயில் வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாதது என்கிறது. கியர் பெட்டியைச் செய்த இசட்எஃப் கம்பனியோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மலையில் ஓட்டுபவர்கள் செய்தவனின் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சேதம் இருக்கிறது, கொழும்பு விற்பனையாளருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தோட்டத்தில் நாம் சவுக்கு என்று சொல்கிற கிரெவிலியா மரத்தடியில் கார் நிற்கும். அதன் காய்ந்த இலைகள் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் விழுந்து மக்கி, மழைத்தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பள்ளம் தொட்டி போல் நிரம்பும். பழைய ஆடி ஏ4இல் பேட்டரியும் எஞ்சின் கணினிப் பெட்டியும் இருப்பது அந்தப் பள்ளத்தில்தான். தண்ணீர் கணினிக்குள் இறங்கினால் கார் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் ஆகாது, ஒவ்வொரு விளக்காக எரியும். எந்த மெக்கானிக் பாஸும் காரணம் கண்டுபிடிக்கத் திணறுவார். பென்ஸிலும் பிஎம்டபிள்யூவிலும் இதே தொல்லை வேறு வடிவில் உண்டு. காரைப் பார்க்கும்போது பொனட்டைத் திறந்து அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். இலைச் சேறு வந்தால் முன்பக்கக் கால்மிதியைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சதம் செலவில்லாத சோதனை.

அடிப்பக்கமும் அப்படித்தான். மடுல்சீமைக்கோ லுணுகலைப் பக்கத் தோட்டங்களுக்கோ போகும் ரோடுகள் தாழ்வான காருக்கு ஆனவை அல்ல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்து ரோடுகள் உடைந்தன. குறுக்கு ரோடுகளில் அடிபட்ட கார்கள் இப்போது விற்பனைக்கு வரும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா, எஞ்சின் ஒயில் சம்ப் நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிஎம்டபிள்யூவில் பெரும்பாலும் காற்றுப் போனாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர்தான், மாற்றுச் சக்கரம் இருக்காது. விலையும் கூட, குழியில் விழுந்தால் அலோய் வளையும். சாதாரண டயருக்கு மாறி, டிக்கியில் ஒரு மாற்றுச் சக்கரம் போட்டுக்கொள்வது நம் ரோட்டுக்குப் பொருந்தும்.

இத்தனையும் சொன்னபிறகு, பழுது வந்தால் யாரிடம் போவது? மெர்சிடிஸுக்கு 1939இல் தொடங்கிய டிமோ நெடுங்காலமாக முகவர். பழைய பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. இரண்டும் கொழும்புப் பக்கம்தான், பதுளையிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர். நம் ஊர்ப் பாஸ்மாரின் கைத்திறமையில் எனக்குக் குறைவான எண்ணம் இல்லை. பஸ்ஸையும் லொறியையும் இந்த மலையில் ஓட வைப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் இந்தக் கார்களுக்கு அந்தந்தக் கம்பனியின் கணினி மென்பொருள் தேவை. வாங்குவதற்கு முன்பே பண்டாரவளை, பதுளைப் பக்கம் அந்த மென்பொருளும் அனுபவமும் உள்ள ஒருவரைத் தேடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஓட்டோமெட்டிக் கார் நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, கியர் பெட்டி போய்விடும். கெரியரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், அந்தக் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

அதே ஆளை வைத்து வாங்கும் காரை ஸ்கேன் செய்யுங்கள். பிழைக் குறியீடு ஒன்றுமில்லை என்று திரை காட்டினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். கடைசியாகக் குறியீடுகளை அழித்தபின் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கணக்கையும் அந்த ஸ்கேனர் காட்டும். அது பத்தோ இருபதோ என்றால் உங்களுக்காகவே அழித்திருக்கிறார்கள். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதற்கும் வழி உண்டு: ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு சில கணினிப் பெட்டிகளிலும் பதிவாகும், பிஎம்டபிள்யூவில் சாவியிலும் இருக்கும். இவை ஒத்துப்போக வேண்டும்.

கார் ஜெர்மனியிலேயே செய்யப்பட்டதல்ல என்று சிலர் பயப்படுவதுண்டு. வலது பக்க ஸ்டியரிங் உள்ள சி கிளாஸ் பல தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டனிலும், 3 சீரிஸ் பல அங்கேயே ரோஸ்லினிலும் செய்யப்பட்டவை. அது குறையே அல்ல. குறை இருப்பது, சேஸி இலக்கமும் பதிவுச் சான்றிதழும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒத்துப்போகாத காரில். சான்றிதழில் லீசிங் கம்பனியின் பெயர் உரிமையாளராக இருந்தால், கடன் தீர்ந்து பெயர் விடுவிக்கப்படும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 'ஓபன் பேப்பர்' என்று கையெழுத்திட்ட வெறும் படிவத்தோடு கார் கை மாறுவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. முந்தியவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ அலைவது நீங்கள்தான். உரிமையை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

பணத்தைப் பற்றி என் கணிப்பு இது. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கையில் தனியாக இருக்க வேண்டும், முதல் ஆண்டிலேயே அது செலவாகும் என்ற எண்ணத்தோடு. பத்து இலட்சம் கூட்டிக் கொடுத்துப் பெரிய மாடல் எடுப்பதா, சின்ன மாடல் எடுத்து அந்தப் பத்து இலட்சத்தை வேலைக்கு வைப்பதா என்று கேட்டால், கேள்விக்கே இடமில்லை, சின்னதை எடுங்கள். கைக்காசு முழுவதையும் காருக்குக் கொடுத்துவிட்டு, பழுதுக்கு வட்டிக்கு வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர் வேகன் ஆரையே வாங்கட்டும். அதுவும் நல்ல கார்தான்.

பொறுமை உள்ளவருக்கு நான் மனமார ஒன்றைச் சொல்வேன்: பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123, டபிள்யூ124. முதலாவது 1976 முதல் 1985 வரை வந்தது, இருபத்தேழு இலட்சம் அளவில் செய்யப்பட்ட கார். அதன் 240டி டீசல் ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும், பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் இரும்பும் ஒயிலும், நம் பாஸ்மாருக்குப் பழகிய வேலை. டபிள்யூ124 அதைவிடச் சொகுசு. அதில் 1993, 1994 ஆண்டுப் பெற்றோல் கார்களின் எஞ்சின் வயர் உறை தானாகவே உதிர்ந்துபோகும் வகை, அதை மட்டும் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த இரண்டிலும் பத்து வருடம் ஒரே குடும்பத்தில் ஓடிய, பற்றுச்சீட்டுகளைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிற காரைக் கண்டால், பெயின்ட் மங்கியிருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கடைசிச் சோதனையை ஹாலிஎலையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகலை வரை போய்த் திரும்பிச் செய்யுங்கள். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அவருக்கே அந்தக் காரில் நம்பிக்கை இல்லை. திரும்பி வந்ததும் எஞ்சினை நிறுத்தாமல் பொனட்டைத் திறந்து, கூலண்ட் வாசம் வருகிறதா, விசிறி ஓடுகிறதா, கீழே ஏதாவது சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், முதல் வாரத்திலேயே பிரேக் ஒயிலையும் கியர் ஒயிலையும் கூலண்டையும் புதிதாக மாற்றுங்கள். பழையது எப்போது மாற்றியது என்று விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, மாற்றிவிட்டு, திகதியையும் கிலோமீட்டரையும் ஒரு கொப்பியில் எழுதி டேஷ்போர்ட் பெட்டிக்குள் வையுங்கள்.